சிராகூசாவில் ஒரு பகல்

பழைய கோயிலை விழுங்கி
இன்னும் செரிக்காமல் நிற்கிறது பேராலயம்.
சுவரில் பிதுங்கிய கிரேக்கத் தூணொன்றை
ஒர்னெல்லா கட்டிப்பிடித்துப் பார்த்தாள்.
பாதிகூட எட்டவில்லை.
"அந்தப் பக்கமாய் நீ வா."
அந்தப் பக்கம் சுவர்.

அருங்காட்சியகம் இரண்டு மணிவரைதான்.
ஒன்றே முக்காலுக்கு நாங்கள்
கடலோரக் கல்மதிலில் கால் தொங்கவிட்டு
கணவாய் வறுவல் தின்றுகொண்டிருந்தோம்,
எண்ணெய்க் காகிதம் பறக்காமல்
அவள் செருப்பைப் பாரம் வைத்து.

ரயிலில் ஏதோ சண்டை.
எலுமிச்சை பிழிகையில்
எதற்கென்று கேட்டேன்;
அவளுக்கும் நினைவில்லை.
"உன்மேல்தான் தப்பு, அது மட்டும் தெரியும்."

மணி அடித்தது. எழவில்லை.
படகொன்றுக்கு யாரோ நீலம் பூசிக்கொண்டிருந்தார்;
ஒரு பக்கம் முடியும்வரை பார்த்தோம்.

கிழிபடாத சீட்டு இரண்டு என் பையில்.
அவள் கன்னத்தில் தூணின் வெண்தூசி.
சொல்லவில்லை நான்,
கத்தானியா வரும்வரை.