ஐந்நூற்றில் ஒன்று

டாஷ்போர்டில் பித்தளைத் தகடு:
‘விசேட பதிப்பு. ஐந்நூற்றில் நானூற்றுப் பன்னிரண்டு.’
பஞ்சிகாவத்தை நிஸ்தார் நானா
இதே இலக்கத்தை
இன்னும் இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார்.

ஞாயிறு விடிய, காலிமுகத்திடலில்
மூன்று நானூற்றுப் பன்னிரண்டுகளும்
பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.
நாங்கள் கடலைப் பார்ப்போம்.

என்னுடையதற்கு
முகம் அறுபத்து மூன்று, குரோம் பம்பர்க் காலம்.
முதுகு ரப்பர் பம்பர்க் காலம்.
இடையில் பதினொரு வருடம்;
அதை நிஸ்தார் நானா
ஒரே பகலில் வெல்டிங் பிடித்தார்.
இடது கதவு கூப்பே ஒன்றினுடையது,
கண்ணாடியை ஏற்றினால்
தொட்டுக்கொள்ளக் கூரை இல்லாமல் நிற்கும்.
எஞ்சினைப் பற்றிக் கேட்காதீர்கள்.
மருதானைப் பேக்கரி வேன் ஒன்று அதில் ஓடியது.
சூடேறினால் இன்னும் பாண் வாசம்
என்கிறாள் பெனடிக்டா.

காப்புறுதிக்குப் படம் பிடிக்க வந்த மிஸ் ஹேவாகே
படிவத்தை விரித்தாள்.
‘வகை’ என்ற கட்டத்தில் பேனை நின்றது.
“ரோட்ஸ்டரா? கூப்பேயா? எந்த வருடம்?”
நான் வாய் திறக்கமுன் மழை.
அறுபத்து மூன்றும் எழுபத்து நான்கும்
ஒரே நேரத்தில் ஒழுகின.

தன் குடையை சீட்டுக்கு மேல் பிடித்தபடி
அவள் எழுதினாள்:
திறந்த வகை.