மரச்சீனி எடை

எடைமேடைக்கு நிரல் எழுதியவர் நாகர்கோவில்காரர்.
வேலையை விட்டுப் போய் ஒன்பது வருஷம்.
சேலத்தில் நாங்கள் குச்சிக்கிழங்கு என்பது
அவர் ஊரில் மரச்சீனி.
மாறிக்கும் அந்தப் பேரையே வைத்தார்.
பில்லில் கட்டம் சின்னது.
மரமும் ஒற்றும் வெட்டுப்பட்டு
சீனி மட்டும் அச்சானது.
ஒரு கரண்டி சர்க்கரை இல்லாத லாரிக்கு
சீனி பதினோரு டன்.

இன்று மாலை ஆறரைக்கு அதைத் திருத்தினோம்.
இல்லை, நான் திருத்தினேன்.
என் பேர்தான் பதிவாகியிருக்கிறது.

ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் கடை.
பூண்டுச் சட்னி கொஞ்சம் தூக்கல்.
தௌலத் சொன்னாள்:
"நாளெல்லாம் ஜாவா அடிச்சு
ஜவ்வரிசிக்குக் கணக்குப் போடறோமே,
ரெண்டும் ஒரே தீவுப்பா.
ஒண்ணு காபி வழியா வந்துச்சு
ஒண்ணு கஞ்சி வழியா."

தாமோதர் அம்மாவிடம் போனில் பேசி வைத்தான்.
குஜராத்தில் கிளம்பிய பேச்சு,
தெலுங்கு ஏறி, கன்னடம் ஏறி,
அம்மாப்பேட்டை வந்தும்
இன்னும் ஆள் ஏற்றுகிறது.
"இறங்கிப் போனவங்களும் உண்டு," என்றான்,
"யாரு எங்க இறங்கினாங்கன்னு
டிக்கெட் இல்ல."

சுடர்க்கொடி புதுசு. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்.
எதிர்ச் சுவரின் கண்ணீர் அஞ்சலியைக் காட்டினாள்.
"அவர்னா முதல்ல பல பேரு.
மரியாதைக்குன்னு ஒருத்தருக்குக் குடுத்தாச்சு.
பல பேருக்குப் பத்தாம அவர்கள்.
இப்ப அதையும் ஒருத்தருக்கே ஒட்டியாச்சு.
பேட்ச் மேல பேட்ச்.
அடுத்த வெர்ஷன் அவர்கள்கள்."
புரையேறும் அளவுக்குச் சிரித்தோம்,
செத்தவர் படத்துக்கு முன்னால்.

சேகோ ஃபேக்டரி என்ற போர்டில்
அந்த மூன்று புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அஃதிலும் எஃகிலும்
எத்தனை காலம் சும்மா உட்கார்ந்திருந்தது.
இப்போது ஃபேனும் ஃபைலும் அதன் தலையில்.
வடக்கே சேர்வராயன் இருட்டாக இருந்தது.
துரைகள் வாயில் ஷெவராய் ஆகி
லாட்ஜ் பலகையில் தமிழிலேயே ஷெவராயாகத் திரும்பிய மலை.
ஏற்காட்டுப் பாதையில் ஒரு வண்டி வெளிச்சம்
வளைவில் மறைந்தது.
மேல் வளைவில் ஒன்று தெரிந்தது.
அதே வண்டியா?

பத்தே முக்காலுக்கு ஆத்தூரிலிருந்து மாரப்பன்.
"மேடம், சீனி வரலைங்க.
ஏழு லாரி நிக்குது."
கிழங்குன்னு வருதே, அதுதாங்க அது, என்றேன்.
"கிழங்கு வேறைங்க, சீனி வேறைங்க.
காட்டுல இருந்தா கிழங்கு.
எடை போட்டதுல இருந்து
பாயிண்ட் பாக்கற வரைக்கும் சீனி.
பாயிண்ட் பாத்துட்டா மறுபடி கிழங்கு.
சீனிக்குத்தானுங்க அட்வான்ஸ்,
கிழங்குக்கு யாரு குடுப்பா?"

யாருங்க அப்படிச் சொல்றது?

"எல்லாருந்தானுங்க.
மொதலாளியோட அப்பா காலத்துல இருந்தே."

அந்தப் பில் வந்தே பதினோரு வருஷம்.
நான் சொல்லவில்லை.

மாடிக்கு ஓடினோம். சட்னி விரலோடு
என் திருத்தத்தை எடுத்தேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
பழைய பிழை என்று அடித்தேன்,
அழித்தேன்.
வட்டார வழக்கு என்று போட்டேன்.
தௌலத் பின்னாலிருந்து படித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்தாள்.

போன் இன்னும் காதில்தான்.
"வந்துருச்சுங்க," என்றார் மாரப்பன்.
அவருக்குப் பின்னால் லாரி உறுமல்,
யாரோ ஒரு டிரைவர் கத்துகிறார்:
சீனி எவ்ளோண்ணா?

ஒம்பது டன்னு
நானூத்தி இருவது.