மஞ்சள் தாள்

ஸ்ரான்லி வீதி, மூன்றாம் மாடி.
பஸ் பதிவுச் செயலியைக் கையளித்து
நாலாம் நாள்.
"ஆளைச் சொல்ல வேண்டாம், நடந்ததை எழுதுங்கோ"
என்று தாள் பங்கிட்டேன்.
மின்விசிறிக் காற்றில்
சுவர் முழுக்கக் குறைகள் படபடத்தன.

கரண்ட் கட் என்று ஐந்து பேர்.
றொக்சன் மட்டும்
றோல்ஸ் ஆறிப்போனதை எழுதியிருந்தான்.
சிரித்தோம்.
ஜெனிற்றாவின் தாள் வெறுமை.

ஒன்றும் இல்லையோ?

"பத்தாந் திகதிக்கு ஏலாது எண்டு
மூண்டு தரம் சொன்னனான்.
'பாப்பம்' எண்டனீங்கள்."

ஆளைச் சொல்லவில்லைத்தான்.
அறையில் எல்லோரும்
பிளேன்ரீக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

என்னிடம் தாள் முடிந்திருந்தது.
அவளுடையதை வாங்கி
"பாப்பம்" என்று எழுதி
ஒட்டினேன்.
விழுந்தது.
திரும்ப ஒட்டினேன்.
றொக்சன் எழும்பி
ரேப் தேடப் போனான்.