தொடக்கம் ஒத்தால் போதும்

உவர்மலையில் கரண்ட் போய் வந்த பிறகும்
அதே வரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோரிக்கை எங்கிருந்து வருகிறதென்று
எங்கள் ப்ராக்ஸி தலைப்பை வாசிக்கிறது.
முதல் பதினாலு எழுத்தும் சரியென்றால்
திறந்துவிடுகிறது,
மிச்சத்தை வாசிப்பதில்லை.
வால் நீண்ட கள்ள முகவரியொன்று
முந்தாநாள் யாரோ ஒருவரின் குக்கீயோடு போய்
அவர் பெயரில் காசு அனுப்பியிருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து பஸ்மிலா போனில்:
"பெரிய எழுத்துல வந்தா நல்லதையே மறிக்குது,
அதையும் பாருங்க."

மறிக்கும்.
சின்னண்ணாவை மறித்தது தொண்ணூற்றேழில்,
டொக்யாட் வீதியில்.
பட்டியலில் ஒரு யோகநாதன்.
இவர் யோகநாயகன்.
'யோகநா' வரைக்கும் வாசித்தவன்
அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.
ஒன்பது நாள்.
இன்றைக்கும் வங்கியில் பெயர் கேட்டால்
கடைசி 'ன்' வரைக்கும் அழுத்திச் சொல்லிவிட்டு
எழுதுகிறவரின் கையையே பார்த்து நிற்பார்.

'தொடங்கினால்' என்றிருந்ததை அழித்து
'முழுதும் சமமானால்' என்று எழுதினேன்.
எழுத்தின் அளவையும் ஒன்றாக்கினேன்.
சோதனைகள் பச்சை.

வெளியே மதிலோரம் ஒரு மான்
ரவுட்டர் வந்த பெட்டியைத் தின்கிறது.
போர்ட் இலக்கம் இல்லாமல் வந்தால் என்ன செய்யும்,
அதற்கு இன்னும் எழுதவில்லை.