கிரீஸுக்குக் கட்டிய சீட்டு

கிரீஸுக்கென்று சீட்டு கட்டினோம், நால்வரும்.
முப்பத்தோராம் மாதம்
காட்பாடிக்காரன் கடையைப் பூட்டிக்கொண்டு போனான்.

போட்ட லீவை என்ன செய்ய?
வேலூர்க் கோட்டைக்குப் போனோம்.
வெள்ளிக்கிழமை. மியூசியம் மூடியிருந்தது.

கல்யாண மண்டபத்து யாளியின் வாயில்
விரல்விட்டுக் கல்லுருண்டையை உருட்டினாள் ரெஹானா.
உருளும், வெளியே வராது.
"நம்ம பணம் மாதிரி" என்றாள் பெனிட்டா.
காவலாளி விசில் ஊதும்வரை சிரித்தோம்.

மதில்மேல் படம் எடுக்கையில்
குமுதவல்லியின் இடதுகால் செருப்பு
அகழியில் விழுந்தது.
முழுகவில்லை.

லாங்கு பஜாரில் நூற்றெண்பதுக்குப்
புது ஜோடி,
ஆளுக்கொரு முட்டை தோசை,
ஆற்காட்டுக்குக் கடைசி பஸ்.

கோட்டையோரம் வண்டி வளைகையில்
நால்வரும் ஒரே ஜன்னலில் எட்டினோம்.
இருட்டு. தண்ணீர்கூடத் தெரியவில்லை.

அது இன்னும்
சுற்றிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்,
பாஸ்போர்ட் இல்லாமல்,
தனியாக.