விருப்பமிருந்தால்

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி:
இசைப் பதிவு, விருப்பமிருந்தால்.
அந்த 'இருந்தால்' மூன்று வாரமாகத்
தொண்டையில் நிற்கிறது, மீன்முள் மாதிரி.

நான் கேட்டிருப்பது வேதியியல்.
மெரபேங்கில் பிறந்தவள் அதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை,
ஜன்னலைத் திறந்தால் போதும்.
ஆலைப் புகைபோக்கியின் தீ
இரவெல்லாம் என் சுவருக்கு ஆரஞ்சு பூசும்.

வாத்தியம் வியோலா.
வயலின் அல்ல.
இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்,
தெருவுக்கு நான் வயலின்காரிதான்.

முதல் பதிவு பள்ளி மண்டபத்தில்.
பாதியில் மூன்று ஹடீடாப் பறவைகள் கூரையில் இறங்கி
சொத்துத் தகராறு மாதிரி கத்தின.
இரண்டாவதை மின்வெட்டு தின்றது.
மூன்றாவதை அப்பாவின் காருக்குள் எடுத்தோம்.
கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
வில் கதவில் இடிக்காதபடி
பின் இருக்கையில் நான் கோணலாக,
முன்னால் லுங்கேலோ அலைபேசியைப் பிடித்தபடி
வியர்வையில் நனைந்து.

நான்கு நிமிடம், பதினோரு விநாடி.
பிசகே இல்லை.
பிசகில்லை என்பதற்குமேல்
சொல்வதற்கும் அதில் ஒன்றுமில்லை.

போன வருடம் அங்கே போன யுகேஷ்ரீ எழுதினாள்:
அபாரம் என்றால் அனுப்பு.
சுமார் என்றால் அது மற்றதையும் சுமாராக்கும்.
அனுப்பேன், காசா பணமா என்றான் லுங்கேலோ.
கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்றாள் அம்மா,
தேங்காய் துருவிக்கொண்டே.

கடைசி நாள் மாலை, ரொட்டி வாங்கப் போனோம்.
ரோபோவில் சிவப்பு.
அப்பா ஏதோ பொத்தானை அழுத்த
காருக்குள் என் வியோலா.
எப்போது எடுத்துக்கொண்டார், தெரியாது.
"இங்கதான் நீ மூச்சு இழுப்ப," என்றார்.
இழுத்தேன்.
நூறு முறை கேட்டவள் நான்,
என் காதில் அது விழுந்ததே இல்லை.
பச்சை விழுந்தது. பின்னாலிருந்த டாக்ஸி அலறியது.

இரவு பதினொன்றரைக்குப் பெட்டியைக் காலியாக விட்டு
அனுப்பினேன்.
அந்த மூச்சுக்கு யாரும் எண் போட வேண்டாம் என்று
ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.
பயமும்தான். பொய் எதற்கு.

காலையில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார்.
இடைவேளையில் பின் இருக்கையில் தூங்குகிறவர்,
நீலச் சீருடையின் முதுகெல்லாம்
வெள்ளையாய் ரோசின் தூள்.
வாஷிங் மெஷினில் போட்டேன்,
மற்றத் துணிகளோடு.