இறக்கம்

ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை.
ஏறும்போது படிகளை எண்ணினேன்;
எண்ணூறு தாண்டியதும்
மூச்சு வந்து கணக்கைத் தின்றுவிட்டது.
இறங்கும்போது எண்ணவில்லை.
கொய்யாக்காயைக் கடித்தபடி
வேண்டுதல் முடிந்த நினைப்பில்
குதித்துக் குதித்து வந்தேன்.
கால் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது.

திங்களன்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.
செவ்வாய் விடிகாலை
கழிவறையில் உட்காரக் குழாயைப் பிடித்துத் தொங்கினேன்.
தொடை இரண்டையும்
யாரோ ராத்திரியெல்லாம் உரலில் போட்டு இடித்து
அப்படியே திருப்பிக் கொடுத்த மாதிரி.

பெருந்துறையில் எங்கள் லேபுக்குப் பதினான்கு படி.
ஏற முடிந்தது.
இறங்கத்தான், கம்பியைப் பிடித்து
முதுகைத் தெருவுக்குக் காட்டி,
நண்டு போல.
பேக்கரிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"ஏனுங்க்கா, ரிவர்ஸ் கியர் உளுந்துருச்சாட்ட இருக்குதுங்."

ரத்தம் எடுப்பது என் பிழைப்பு.
தசைக்குள் குடியிருக்க வேண்டிய ஒன்று
இழை கிழிந்த சந்தில் கசிந்து
ரத்தத்தில் அலையும்.
எந்திரம் அதை எண்ணிச் சொல்லும்.
பெயர் நீளம். நாங்கள் சி.கே. என்போம்.

அன்றைக்கு முதலில் மௌலீஸ்வரன்,
இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம்.
ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே
பந்தயம் கட்டி முந்நூறு தரம் உட்கார்ந்து எழுந்தவன்.
"ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பி கலருல வருதுங்க்கா"
அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னான்.
நாற்பத்தோராயிரம்.
தாள் அச்சாகி வருமுன்பே டாக்டருக்குப் போன் போட்டேன்.
சலைன் ஏற்றக் கூட்டிப் போனார்கள்,
இரண்டு பேர் தாங்கி.

அடுத்தது காரியப்பன், மஞ்சள் மண்டி.
கொழுப்பு மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க
எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
இருபத்தாறு வருஷமாய் மூட்டை.
இருநூற்றுப் பத்து.
என் வீட்டுக்காரரைவிடக் கொஞ்சம்தான் அதிகம்;
அவர் தூக்குவது ரிமோட்.
"ஏத்தறது ஒண்ணுமில்லீங்.
லாரில இருந்து வாங்கி மெதுவா எறக்கறதுதான்
ஆளக் கொல்லும்.
அதுவும் மொதப் பத்து நாளைக்கு.
பொறகு மேலு பழகிக்குமுங்."

ஊத்துக்குளி வரை சைக்கிளில் போய்த் திரும்பும்
பாங்க் மேடத்தின் எண் ஞாபகம் வந்தது: நூற்றிருபது.
பெடலில் கால் தள்ளுகிறது, அவ்வளவுதான்.
கனத்தைத் தாங்கித் தாங்கி
விட வேண்டியதில்லை.

மதியம் சோற்றுக்கு முன்
கதவைச் சாத்தி, ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து
என் இடது கையில் நானே குத்திக்கொண்டேன்.
ஆயிரத்து எண்ணூறு.
யாரும் கேட்காத ரிப்போர்ட்.
மடித்து டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து அதே மலை.
வேண்டுதல் ஒன்றுமில்லை.
முருகன் கேட்டிருந்தால்
ரத்தம் பார்க்க வந்தேன் என்றிருப்பேன்.
அதே படி, அதே குதி. கொய்யா கிடைக்கவில்லை.
செவ்வாயன்று முந்நூற்றுச் சொச்சம்.
ஒரு தடவை கிழிந்ததற்கே
என்னமோ தைத்து வைத்திருக்கிறது உள்ளே,
எனக்குச் சொல்லாமல்.

சாயங்காலம் லேப் படியில்
முகத்தைத் தெருவுக்குக் காட்டி இறங்கினேன்.
ஒன்பதாவது படியில் நின்றேன்,
வலிக்காக இல்லை.
கீழிருந்து மௌலீஸ்வரன்,
மறுபரிசோதனைச் சீட்டைப் பல்லில் கவ்வி
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து
ஒவ்வொரு படியாய் ஏறி வருகிறான்.

இவன் எப்படி இறங்கப் போகிறான்
என்று பார்த்துக்கொண்டே
சுவரோடு ஒட்டி வழி விட்டேன்.